மூன்றாம் மாடியின் சித்திரக்கதை இறாக்கைகள்: வாங்கியாயிற்று, இனி ஒழுங்குபடுத்த வேண்டும்

கொழும்பிலுள்ள பல்கலைக்கழக நூலகம் ஒன்று சித்திரக்கதைகளுக்கும் வரைகலை நாவல்களுக்கும் தனியாக இறாக்கைகளை ஒதுக்கியிருக்கிறது. என் முதுமாணி ஆய்வுக்காக நீண்ட காலமாக அங்கே போய்வருகிறேன். நூலகத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன். அங்கே வேலை செய்பவர்களைச் சங்கடப்படுத்த எனக்கு மனமில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு மூன்றாம் மாடி, ஜன்னலோரம், சித்திரக்கதை என்றாலே இடம் விளங்கிவிடும்.

என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரிவுக்கு ஐந்தில் நான்கரை தரலாம். ஒழுங்குக்கு இரண்டுக்கு மேல் தர முடியாது. யாரோ ஒருவர் மிகுந்த ரசனையோடு இந்த நூல்களைத் தேர்ந்து வாங்கியிருக்கிறார். அந்த ரசனை பட்டியலாக்கும் மேசைக்கு வந்ததும் நின்றுபோயிருக்கிறது. வாங்கி வைத்த நூலை வாசகர் தேடும் வழியில் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த நூல் நூலகத்தில் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

நான் பகலில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். பத்திரிகை, சஞ்சிகை, பாடநூல் எதுவாக இருந்தாலும் எழுத்துக்கும் படத்துக்கும் நடுவில் எவ்வளவு வெளி விடுவது என்பதே என் அன்றாடக் கவலை. ஆய்வும் அதை ஒட்டியதுதான்: இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த கேலிச்சித்திரத் தொடர்கள். ஆகவே கீழே காகிதம், பைண்டிங், முத்திரை என்று நான் நீட்டினால், அது தொழிலோடு வந்த அக்கறை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' இரண்டு பாகங்களும் இருக்கின்றன. மர்ஜான் சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' ஆங்கிலத்தில் இருக்கிறது. போர்க்களச் செய்தியாளராக இருந்துகொண்டே வரைபவர் ஜோ சாக்கோ. அவருடைய பலஸ்தீனம் பற்றிய நூல் இருக்கிறது. பெஞ்சமின் டிக்ஸ் எழுதி லின்ட்சி பொலொக் வரைந்து 2019இல் வெளிவந்த 'வன்னி'யும் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் பணியாளராக வன்னியில் இருந்த ஒருவர், இறுதிப் போரில் ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சித்திரமாகச் சொல்லும் நூல் அது. கொழும்பில் ஒரு தமிழ் மாணவி அதை மேசையில் விரித்து வைத்துப் படிக்கவும் குறிப்பெடுக்கவும் முடிகிறது என்பதை நான் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாங்கிய காலத்தையும் நினைக்க வேண்டும். 2022இல் ரூபாய் சரிந்தபோது இறக்குமதி நூல்களின் விலை கண்முன்னே ஏறியது. 2024 ஜனவரியிலிருந்து நூல்களுக்கும் 18 சதவீத வற் வரி வந்தது. பண்டாரநாயக்க மண்டபத்தில் செப்டெம்பரில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் நல்ல தாளில் வண்ணத்தில் அச்சான ஒரு வரைகலை நாவலைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலையைக் கண்டு வைத்துவிட்டு வருகிற மாணவர்களை நான் அறிவேன். அப்படிப்பட்ட ஆண்டுகளில் இந்த இறாக்கைகளுக்குப் பணம் ஒதுக்கியவருக்கு என் மனமார்ந்த நன்றி.

இனிப் பட்டியல்.

'வன்னி'யைக் கணினியில் தேடினால் டிக்ஸின் பெயர் வரும். பொலொக்கின் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. அட்டையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன; பதிவில் ஒன்றுதான். சித்திரக்கதையில் ஓவியர் கதைக்குப் படம் போட்டுக் கொடுப்பவர் அல்லர். பதுங்குகுழிக்குள் எவ்வளவு இருட்டு, ஒரு தாயின் முகத்தில் எத்தனை கட்டங்கள் தங்க வேண்டும், எந்த இடத்தில் பேச்சே இல்லாமல் விட வேண்டும் என்று தாளில் தீர்ப்பது அவருடைய கை. அவரைப் பதிவிலிருந்து விட்டுவிடுவது பாதி ஆசிரியரை விட்டுவிடுவதாகும். நூலகம் பயன்படுத்தும் கோஹா மென்பொருளில் இதற்கு எந்தத் தடையும் இல்லை. 'மார்க்' என்ற பட்டியல் பதிவு முறையில் இதற்கென 700ஆம் புலம், அதாவது தனிக் கட்டம், இருக்கிறது. கூடுதல் ஆசிரியர்களை எத்தனை பேரானாலும் சேர்க்கலாம், ஓவியர், வண்ணம் தீட்டியவர், எழுத்து வரைந்தவர் என்று அவரவர் பங்கையும் குறிக்கலாம். ஒரு நூலுக்கு இரண்டு நிமிட வேலை.

தொடர்கள் சிதறிக் கிடப்பது அடுத்த குறை. 'ஆஸ்டெரிக்ஸ்' நல்ல உதாரணம். கொசினி எழுத, உடெர்சோ வரைந்தார். 1977இல் கொசினி இறந்த பின் உடெர்சோ தானே எழுதியும் வரைந்தும் தொடர்ந்தார். 2013இலிருந்து ஃபெரி எழுத, கொன்ராட் வரைந்தார். முதுகுச் சீட்டில் எழுத்தாளரின் பெயரெழுத்தைப் போடும் வழக்கத்தை அப்படியே பின்பற்றியதால், ஒரே தொடர் மூன்று இடங்களுக்குப் போய்விட்டிருந்தது. பல எழுத்தாளர்கள் மாறி மாறி எழுதும் அமெரிக்க மாதாந்தத் தொடர்களின் நிலை இதைவிடக் கேடு. இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தொடரின் பெயரிலிருந்து எழுத்தை எடுத்து, பாக எண்ணைப் பெரிதாக முதுகிலேயே போட்டுவிட்டால், எழுதுபவர் மாறினாலும் பாகங்கள் பிரியா.

'மவுஸ்' அதைவிட வேடிக்கையாகப் பிரிந்திருந்தது. முதற் பாகம் 741.5 என்ற பகுப்பெண்ணில், சித்திரக்கதைகளோடு, இரண்டாம் பாகம் 940.53இல், இரண்டாம் உலகப் போரோடு, வேறு மாடியில். இரண்டு எண்களுக்கும் நியாயம் உண்டு என்பதுதான் இதிலுள்ள சிக்கல். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் தூயி தசமப் பகுப்பில் 741 வரைதலுக்குரிய இலக்கம்; சித்திரக்கதை அதற்குள் 741.5. பகடிக் கதையும், சுயசரிதையும், யுத்தச் செய்தியும், சிறுவர் கதையும் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் வந்து விழுகின்றன. இதைச் சகிக்காத வரலாற்று விரிவுரையாளர்கள், யூத இனப்படுகொலை பற்றிய நூலை அதற்குரிய வரலாற்றோடு வையுங்கள் என்கிறார்கள். இதே வாதத்தை 'வன்னி'க்கும் சொல்லலாம்: அதை 954.93இல், இலங்கை வரலாற்றோடு வைக்கலாம்.

என் பக்கம் வேறு. சித்திரக்கதைகள் ஒன்றாக இருக்க வேண்டும். வாசகர் கை வைத்துப் புரட்டிப் புரட்டித்தான் இந்தக் கலையைக் கற்றுக்கொள்கிறார். சாக்கோவின் நெருக்கமான கோடுகளைப் பார்த்த கண் அடுத்த நூலில் சத்ரபியின் கனத்த கறுப்பைப் பார்த்தால்தான் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று பிடிபடும். வரலாறு தேடி வருபவருக்கு உதவ, நூல் எதைப் பற்றியது என்று பதிவில் சொல்லும் பொருட்தலைப்பு இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்தலைப்புகளில், எந்த விடயத்தின் கீழும் 'சித்திரக்கதை வடிவில்' என்று ஓர் உட்பிரிவைச் சேர்க்க வழி உண்டு. இலங்கை வரலாறு, உள்நாட்டுப் போர், 1983 முதல் 2009 வரை, சித்திரக்கதை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், வரலாற்று மாணவர் கணினியில் 'வன்னி'யைக் காண்பார். நூல் இருந்த இடத்திலேயே இருக்கும். 741.5க்குப் பின்னால் நாட்டின் எண்ணைச் சேர்த்து 741.595493 என்று எழுதினால், இலங்கைச் சித்திரக்கதைகள் எல்லாம் ஒரு வரிசையாகவும் வந்துவிடும். இந்த வசதிகள் யாவும் பகுப்பு முறைக்குள்ளேயே இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தவில்லை.

நூல்களின் உடல்நிலைக்கு வருகிறேன். ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நமக்குப் பின்னட்டையாகத் தெரிவதுதான் அதன் முன்னட்டை. இங்கே மங்கா நூல்கள் பலவற்றில் நூலக முத்திரையும் திகதிச் சீட்டும் கதையின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. திகதி பார்க்கத் திறக்கும் ஒவ்வொருவரும் முடிவைப் பார்த்துவிடுவார்கள். ஒரு நூலில் சீட்டு கடைசிப் படக் கட்டத்தின் மீதே ஒட்டப்பட்டிருக்கிறது. முத்திரையை எந்தப் பக்கத்தில் குத்துவது என்று நூலகங்களில் ஒரு வழக்கம் இருக்கும், அது எழுத்து நூல்களுக்காக வந்த வழக்கம். எழுத்துப் பக்கத்தின் ஓரத்தில் விழும் ஊதா முத்திரை வாசிப்பைக் கெடுக்காது. படப் பக்கத்தில் அதே முத்திரை ஒரு முகத்தின் மேல் விழுகிறது.

பைண்டிங் என்னை உண்மையாகவே வருத்தியது. மெல்லட்டை நூல்களை வாங்கிய கையோடு தடித்த அட்டை போட்டுத் தைக்க அனுப்பியிருக்கிறார்கள். நோக்கம் நல்லது, இரவல் போகும் நூல் நீடித்து உழைக்க வேண்டும். ஆனால் முதுகோரத்தில் நெருக்கித் தைத்து ஓரங்களையும் வெட்டிவிட்டால், இரு பக்கங்களிலும் விரியும் படத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் விழுங்கப்பட்டுவிடும், வெளியோரம் கத்திக்குப் போய்விடும். ஒரு நூலில் கடலோரக் காட்சியொன்று இரு பக்கங்களில் விரிகிறது. நடுவில் நிற்கும் மனிதர் மடிப்புக்குள் மறைந்துவிட்டார். பத்திரிகைப் பக்கத்தில் நான் இப்படிச் செய்தால் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். படங்கள் ஓரம்வரை அச்சான நூல்களை வெட்டாமல், தெளிவான பிளாஸ்டிக் உறை போட்டு, முதுகை மட்டும் உள்ளே வலுப்படுத்தினால் போதும்.

பெரிய ஐரோப்பிய அல்பங்களைச் சிறிய நூல்களோடு செருகியிருப்பதால் அவை சாய்ந்து முதுகு கோணிவிட்டன. கிடையாக வைக்க ஒரு தட்டு ஒதுக்கலாம். இதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தமிழ் நூல்களின் கதைக்கு வந்தால் எனக்கு நிதானம் குறைகிறது. அந்த அழகான இறாக்கைகளில் தமிழ் ஏறக்குறைய இல்லை. சத்ரபியின் நூல் தமிழிலும் வந்திருக்கிறது. அது இந்த நூலகத்தில் இருக்கிறது, ஆனால் 894.811இல், தமிழ் இலக்கியத்தோடு, இரண்டு மாடி கீழே. மூலத்தோடு அதை இணைக்கும் ஒரு வரிகூடப் பதிவில் இல்லை. தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் மட்டும் ஏற்றியிருப்பதால், தமிழ் விசைப்பலகையில் தட்டினால் வெற்றுத் திரைதான் வரும். கோஹா எல்லா மொழிகளின் எழுத்துகளையும் ஏற்கும். தமிழிலும் ரோமனிலும் சமாந்தரமாகப் பதிய 880ஆம் புலம் இருக்கிறது. தமிழும் அரசகரும மொழியாக உள்ள நாட்டில், ஒரு தமிழ் நூலைத் தமிழில் தேட முடியாத நிலையை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது.

சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ் ஆகியவை கடல் கடந்து வந்து இங்கே எத்தனை வீடுகளில் தமிழ் வாசிப்பைப் பழக்கின என்பதை நம் வயதினர் அறிவார்கள். யாரோ ஒருவர் தன் சேகரிப்பை நூலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார். அது ஓர் அட்டைப்பெட்டியில், நூலகத்துக்கு வந்து சேரும் நூலுக்கு இடும் சேர்வு எண் கூடப் போடப்படாமல், சஞ்சிகைப் பகுதியின் உள் அறையில் இருந்தது. அங்கே பல ஆண்டுகளாக வேலை செய்யும் அட்டன் பக்கத்து அண்ணை ஒருவர்தான் எனக்கு அதைக் காட்டினார். "தங்கச்சி, இதை யாரும் கேட்டு வருவதில்லை. பட்டியலில் இல்லாததை யார் கேட்பார்கள்?" என்றார். நூலகவியல் பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

அந்தத் தாள்களுக்குக் காலம் அதிகம் இல்லை. மலிவான செய்தித்தாளில் உள்ள அமிலம் தானாகவே தாளை மஞ்சளாக்கி நொறுக்கும். கொழும்பின் ஈரக்காற்று பூஞ்சணத்தைக் கொண்டுவரும். இராமபாணப் பூச்சிக்கும் அந்த ஈரம் பிடிக்கும். வார இறுதியில் குளிரூட்டியை நிறுத்தித் திங்களன்று போடுவது, ஒரே அளவான ஈரப்பதத்தில் விட்டுவிடுவதைவிடக் கெடுதல். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். சில வருடங்களில் பசை பழுத்து எழுத்துக்குள் இறங்கிவிடும். மெல்லிய ஜப்பானியத் தாளும் மாப்பசையும் போதும். அமிலமில்லாத பெட்டி, ஒவ்வோர் இதழுக்கும் ஓர் உறை, ஒரு சேர்வு எண்: இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை.

நம் நாட்டுச் சித்திரங்களின் நிலை அதைவிடக் கவலைக்குரியது. தினகரன் பத்திரிகையில் 'சவாரித்தம்பர்' கேலிச்சித்திரத்தை வரைந்த சுந்தர் என்ற சி. சிவஞானசுந்தரம் பின்னர் 'சிரித்திரன்' சஞ்சிகையை நடத்தினார். ஈழத்து நகைச்சுவையில் அதற்கு நிகர் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்த இதழ்கள் சில இந்த நூலகத்தில் கட்டுத் தொகுதிகளாக இருக்கின்றன. பட்டியலில் சஞ்சிகையின் பெயர் மட்டும் உண்டு. எந்த இதழ்கள் இருக்கின்றன, எவை இல்லை என்று தெரியாது. தினகரன் கட்டுகளுக்குள் ஒளிந்திருக்கும் தொடர்களுக்குச் சுட்டி கிடையாது. சிங்களத்தின் கதையும் இதுவே. 1970களில் சித்திரக்கதைகளுக்கென்றே வாரப் பத்திரிகைகள் வந்த மொழி அது. கமிலஸ் பெரேராவின் கஜமன் வீட்டுக்கு வீடு அறிந்த பாத்திரம். அவையும் இந்த மூன்றாம் மாடிக்கு ஏறவில்லை.

பழைய பத்திரிகைத் தொடர்களைப் பல்கலைக்கழகம் சேர்ப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைக் காட்டுவேன். நூலகங்கள் நுண்படம் (மைக்ரோஃபில்ம்) எடுத்த பின் தூக்கியெறிந்த பத்திரிகைக் கட்டுகளை பில் பிளாக்பியர்ட் என்ற தனிமனிதர் வாங்கி வாங்கித் தன் வீட்டில் சேர்த்தார். சுமார் 25 இலட்சம் நறுக்குகளும் பக்கங்களும் கொண்ட அந்தச் சேகரிப்பை 1998இல் அந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. நுண்படத்தில் கறுப்பு வெள்ளையாக மங்கிப்போன ஞாயிற்றுக்கிழமைத் தொடர்களின் வண்ணம் அந்தத் தாள்களில்தான் எஞ்சியிருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சித்திரக்கதைச் சேகரிப்பு மூன்று இலட்சத்தைத் தாண்டியது. அவர்களின் பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் நம் தேவையும் அந்த அளவுக்கு இல்லை. நம்முடையது சில பெட்டிகள், சில கட்டுகள்.

'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாகத் தருகிறது. சிரித்திரன் இதழ்களையும் அங்கே படிக்கலாம். என் ஆய்வின் பெரும்பகுதியை வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே செய்ய முடிந்தது அவர்களால்தான். ஒரு படத்தை அச்சிட்ட புள்ளிகளையும் மையின் கனத்தையும் பார்க்கத் தாள் வேண்டும், அதற்காகத்தான் நூலகத்துக்குப் போகிறேன். இரண்டையும் இணைப்பது சுலபம்: பதிவின் 856ஆம் புலத்தில் இணைய முகவரியைச் சேர்த்தால், கட்டுத் தொகுதியில் இல்லாத இதழை வாசகர் திரையில் திறந்துகொள்வார்.

இரவல் விதி கடுமையானது. பெரும்பாலானவை அங்கேயே இருந்து படிக்க வேண்டிய நிரந்தர உசாத்துணையில் இருக்கின்றன. சில நூல்களை மட்டும் மாலையில் எடுத்து மறுநாள் காலையில் கொடுக்கலாம். திருட்டுப் பயம் என்றார்கள். படப் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. நல்ல நூல்களில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை வெளியே விடலாம். பிரதியெடுக்கவும் சித்திரக்கதைகளுக்கு மட்டும் தடை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. கவிதை பற்றி எழுதுபவர் நாலு வரியை மேற்கோள் காட்டுவார். சித்திரக்கதை பற்றி எழுதும் எனக்கு ஒரு படக் கட்டத்தையாவது காட்ட வேண்டும். விண்ணப்பம் எழுதிக் காத்திருந்துதான் அனுமதி பெற்றேன்.

சேவை பற்றிச் சொல்லாமல் விட்டால் அநியாயம். கவுண்டரில் மூன்று மொழியிலும் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. நான் கண்ட குறைகளைப் பட்டியலிட்டு எழுதிக் கொடுத்தபோது, உதவி நூலகர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்த பட்டியலாளர் பதவி வெற்றிடமாக இருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். சில வாரங்களில் 'ஆஸ்டெரிக்ஸ்' முழுவதும் ஒரே தட்டில், பாக எண்ணோடு, வரிசையாக நின்றது. 'மவுஸ்' இரண்டு பாகங்களும் சேர்ந்துவிட்டன. ஓவியர் பெயர்கள் இன்னும் ஏறவில்லை. முத்து காமிக்ஸ் பெட்டி மேசைக்கு வந்திருக்கிறது. பதிவேற்றத் தமிழ் தெரிந்த மாணவர் யாராவது விடுமுறையில் உதவுவார்களா என்று கேட்டிருக்கிறார்கள். நான் பெயர் கொடுத்திருக்கிறேன். தமிழ்த் துறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தால் வேலை விரைவாக முடியும்.

போக விரும்புகிறவர்களுக்கு: வெளி வாசகர்கள் தம் துறையிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும். வார நாட்களில் காலையில் போனால் ஜன்னலோர மேசை கிடைக்கும். பெரிய அல்பங்களை விரிக்க அந்த மேசைதான் வசதி. சஞ்சிகைக் கட்டுகள் வேண்டுமானால் முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும், உள் அறையிலிருந்து எடுத்துவர நேரம் எடுக்கும். தமிழ் நூலைத் தேடுகிறவர்கள் தலைப்பை ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் சஞ்சிகைப் பகுதி அண்ணையிடம் கேளுங்கள்.